பதினோராம் கட்டிலில் ஒரு நர்ஸ்

அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். ஊசி போடுவதற்கு முன்னால், மாத்திரை கொடுப்பதற்கு முன்னால், சில சமயம் கையைப் பிடித்துக் கட்டிலோடு கட்டுவதற்கு முன்னாலும்கூட, “கொஞ்சம் பொறுத்துக்கம்மா, சரியாயிடும்” என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. போன வருடம் ஐப்பசியிலிருந்து மாசி வரை நானே ஒரு கட்டிலில் கிடந்தேன். அதில் ஏழு வாரம் கண்ணைத் தவிர உடம்பில் வேறெதையும் அசைக்க முடியவில்லை. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் கொடுமை.

இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். பேனா பிடிக்க முடிகிறது. அரைப் பக்கம் எழுதினால் விரல் ஓய்ந்துவிடும். அதனால் இதைப் பல நாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதினேன். எங்காவது கோர்வை தப்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவரின் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் நடந்தது. திரும்பி வந்த மறுநாள் எனக்கும் என் கணவருக்கும் வயிற்றுப்போக்கு. இரண்டு நாளில் நின்றுவிட்டது. அவருக்கு அதோடு முடிந்தது. எனக்குப் பத்து நாள் கழித்துக் கால் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு ஆரம்பித்தது. வாய்க்கால் தண்ணீரில் நெடுநேரம் நின்றுவிட்டுக் கரையேறினால் பாதம் மரத்திருக்குமே, அதுபோல. அதற்கடுத்த நாள் அம்மாப்பேட்டை பஸ்ஸில் ஏறப்போனேன். ஒரு காலைப் படியில் வைத்தேன், மற்ற கால் தரையை விட்டு வரவில்லை. “சீக்கிரம் ஏறுங்கம்மா” என்றார் கண்டக்டர். பின்னால் நின்ற ஒரு பெண் முதுகில் கைகொடுத்துத் தள்ளி ஏற்றிவிட்டாள்.

பக்கத்து கிளினிக்கில் காட்டினேன். சின்ன வயது டாக்டர். சத்துக் குறைவு என்று ஊசி போட்டார். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டுவிட்டு, “வீட்ல ஏதாவது மனக்கஷ்டமா? நீங்க வேலை பாக்குற இடமும் அப்படி. கொஞ்சம் லீவு போட்டு ரெஸ்ட் எடுங்க” என்றார்.

அவரைக் குறை சொல்லமாட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்தேன். மனதில் தாங்க முடியாத பாரம் ஏறி, அது உடம்பில் இறங்கி, கால் விழுந்துபோன பெண்கள் எங்கள் வார்டுக்கு நிறைய வந்திருக்கிறார்கள். நரம்பில் கோளாறு இருக்காது. ஆனால் கால் அசையாது. நடிப்பும் கிடையாது. அந்த வருடம்தான் என் அம்மா தவறியிருந்தார். என் ஒரே மகள் நித்யா கல்யாணமாகி பெங்களூருக்குப் போயிருந்தாள். சரி, எனக்கும் அதுதான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லும் ‘சரியாயிடும்’ என்பதை எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் பிடித்தேன். டம்ளர் உதடு வரைக்கும் வந்தது, உதடு குவியவில்லை. காபி நைட்டியில் வழிந்தது. அப்போதுதான் பயந்தேன். துக்கம் இப்படி ஒவ்வொரு படியாக மேலே ஏறாது.

என் கணவர் தியாகராஜன் விவசாயி. அதிகம் பேசமாட்டார். அன்று என்னைத் தூக்கிக் காரில் வைத்தார். தஞ்சாவூரில் நரம்பு நிபுணர் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். நிபுணர் சின்னச் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். கால் துள்ள வேண்டும். துள்ளவில்லை. முழங்கையிலும் மணிக்கட்டிலும் தட்டினார். எதுவும் இல்லை. முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்தார்கள். கடைசியில் டாக்டர் வந்து என் கணவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

“வயித்துக்குள்ள போன கிருமியோட சண்டை போட உடம்பு ஒரு படையைக் கிளப்புது இல்லையா? கிருமி செத்துப்போச்சு. ஆனா அந்தப் படை அடங்கல. நரம்பு மேல இருக்குற உறையையும் கிருமின்னு நினைச்சு அரிக்குது. ஒயர் மேல ரப்பர் உறை போயிட்டா கரன்ட் எப்படிப் போகும்? அதான் கை கால் விழுது. கில்லன் பாரேன்னு பேரு. பெரும்பாலும் திரும்பி வந்துடுவாங்க. ஆனா நாளாகும்.”

“எத்தனை நாளு சார்?” என்றார் என் கணவர்.

“அது அவங்க உடம்பு சொல்லணும்.”

அடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு மருந்தை ஐந்து நாள் தொடர்ந்து ஏற்ற வேண்டும். அதற்கும் பிற்பாடு வந்த பில்லுக்கும் பணத்தை எங்கே புரட்டினார் என்று இன்றுவரை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து, “மூச்சை நல்லா இழுத்துட்டு, விடாம எண்ணுங்க” என்பாள். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பதற்கு. முதல் தடவை இருபத்தாறு. சாயங்காலம் பத்தொன்பது. மறுநாள் காலை பதின்மூன்று. எண்ணிக்கை இறங்க இறங்க மூச்சுத் தசைகளும் விழுகின்றன என்று அர்த்தம். மற்ற நோயாளிகளுக்கு அது வெறும் எண். எனக்கு அர்த்தம் தெரியும். ஒன்பதில் நின்றபோது அந்தப் பெண் முகத்தை மாற்றாமல், “ரொம்ப நல்லா எண்ணுனீங்க” என்றாள். அந்தக் குரலை நானும் வைத்திருந்தேன்.

அன்று மதியம் தொண்டையில் குழாய் போட்டு என்னை வென்டிலேட்டரில் இணைத்தார்கள். நான் கடைசியாகச் சொன்னது, “மோட்டாரை ஆஃப் பண்ணிட்டீங்களா?” என்பது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் போர்செட் மோட்டார். கடைசி வார்த்தை என்று தெரிந்திருந்தால் வேறேதாவது சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு நான் பதினோராம் கட்டில் ஆனேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? உங்கள் மூக்கில் ஒரு ஈ உட்காருகிறது. விரட்ட முடியாது. முகத்தைச் சுளிக்க முடியாது. அது நடந்து கண்ணோரத்துக்கு வருகிறது. இமையை மூட முடியாது, முகத் தசையும் விழுந்துவிட்டது. அதனால் கண் உலர்ந்துவிடும் என்று களிம்பு போட்டு இமையை இழுத்து டேப் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் இருட்டு. வெளியே பகலா ராத்திரியா தெரியாது. மிஷின் உஸ்ஸென்று காற்றைத் தள்ளும், நெஞ்சு தானாக ஏறி இறங்கும். அந்த மூச்சுகூட என்னுடையது இல்லை.

உடம்பு அசையவில்லை, ஆனால் வலி போகவில்லை. இதை நிறைய பேர் நம்புவதில்லை. கெண்டைக்காலைப் பிழிவதுபோல், முதுகுத்தண்டில் சூட்டுக்கோல் வைப்பதுபோல் வலி. போர்வை உரசினாலே எரிந்தது. சளி எடுக்கக் குழாயை உள்ளே விடும்போது கொஞ்ச நேரம் மூச்சு நிற்கும், அப்போதெல்லாம் செத்தேன் என்றே நினைப்பேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை வந்து திருப்பிப் படுக்க வைப்பார்கள். படுக்கைப் புண் வராமலிருக்க. இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம். திருப்பும்போது என் தலைக்கு மேலே பேச்சு நடக்கும். தீபாவளிக்கு எடுத்த சேலை, யாருக்கு எந்த டூட்டி, யார் மாமியார் என்ன சொன்னாள். கெட்டவர்கள் இல்லை. வேலை செய்கிற கை பேச்சோடுதான் ஓடும். “லெவன் ஹெவியா இருக்கு, நீ அந்தப் பக்கம் புடி” என்பாள் ஒருத்தி. நான் லெவன்.

அங்கே கிடந்தபோதுதான் செல்வராணி நினைவுக்கு வந்தாள். பல வருடத்துக்கு முன் எங்கள் வார்டில் இருந்தவள். மனநோயிலேயே ஒரு வகை உண்டு. ஆள் அப்படியே உறைந்துவிடுவார்கள். பேச மாட்டார்கள், சாப்பிட மாட்டார்கள், கையைத் தூக்கி வைத்தால் தூக்கியபடியே இருக்கும். அவளுக்கு மூன்று வாரம் மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றியவள் நான்தான். குணமாகி வீட்டுக்குப் போகிற அன்று என்னிடம் வந்தாள். “சிஸ்டர், நீங்க என்னப் பாத்து ‘கல்லு மாதிரி கிடக்கா, இதுக்குக் கஞ்சி ஊத்தி என்ன ஆகப்போவுது’ன்னு சொன்னீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் சிரித்து மழுப்பிவிட்டு மாத்திரைச் சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் எந்த ஊர் என்பதுகூட எனக்கு ஞாபகமில்லை. தேடிப் போய் மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

பிறகு கனவும் நிஜமும் கலக்க ஆரம்பித்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்குத் தூக்கம் கெட்டு, மருந்தும் சேர்ந்து புத்தி பேதலிப்பது உண்டு. டெலிரியம் என்போம். நானே நர்ஸிங் மாணவிகளுக்கு அதைப் பற்றி வகுப்பு எடுத்திருக்கிறேன். பயன்படவில்லை. வார்டுக்குள் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் வருவதைப் பார்த்தேன். கட்டில் மட்டத்துக்கு ஏறுகிறது. நர்ஸுகள் தண்ணீருக்குள் நடந்து மற்றவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என்னை மட்டும் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. இன்னொரு நாள், என் கணவர் என்று வருகிறவர் அவர் இல்லை, அவர் சட்டையைப் போட்டுக்கொண்ட வேறு ஆள் என்று தோன்றியது. எங்கள் வார்டில் இதையே சொன்ன நோயாளிகளிடம், “அது உங்க வீட்டுக்காரர்தாம்மா, நல்லாப் பாருங்க” என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறேன்.

என்னை முதலில் கண்டுபிடித்தவள் சகாயமேரி. நாகப்பட்டினத்துப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். குரல் பெரிசு. கோபமும் பெரிசு. ஆனால் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். “அம்மா, டேப்பை எடுக்கப் போறேன். வெளிச்சம் கூசும். மெதுவாப் பாருங்க.” ஒரு காலை டூட்டியில் அப்படி டேப்பை எடுத்தவள், என் முகத்துக்கு நேரே குனிந்து, “நான் பேசுறது கேக்குதா? கேட்டா மேல பாருங்க” என்றாள்.

மேலே பார்த்தேன்.

“கீழ பாருங்க.”

பார்த்தேன்.

“ஏசுவே” என்றாள். பிறகு, “மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்ல. வலிக்குதா?”

கண்ணை மேலே செருகியபடி வைத்திருந்தேன். இறக்க மனம் வரவில்லை.

“எங்க வலிக்குது? கையா? முதுகா? காலா?” ‘காலா’ என்றபோது மேலே பார்த்தேன். “தொடையா? முட்டியா?” இல்லை, இல்லை. அவள் எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். க, ச, ட, த என்று சொல்லிக்கொண்டே போவாள். நான் நிறுத்துகிற இடத்தில் கா, கி, கீ என்று ஏறுவாள். பள்ளிக்கூடத்தில் கத்திப் படித்த எழுத்தெல்லாம் இதற்குத்தானோ என்றிருந்தது. ‘கு’ கிடைத்தது. ‘தி’ கிடைத்தது.

“குதி… குதிரையா?”

கீழே பார்த்தேன். உள்ளுக்குள் சிரித்தேன். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

“ஐயோ, குதிகாலா!” போர்வையைத் தூக்கினாள். இடது குதிகால் மெத்தையில் அழுந்தி அழுந்திக் கொப்புளம் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் புண் உடைந்திருக்கும். துணியைச் சுருட்டிக் கணுக்காலுக்குக் கீழே வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிற்க வைத்தாள். அந்த ஒரு நிமிஷ சுகத்தை என்னால் எழுத முடியாது. அவள் அதோடு விடவில்லை. ஒரு அட்டையில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் தொங்கவிட்டாள். அதற்கு மேலே, ‘இவங்க பேர் வசந்தா. இவங்களும் ஸ்டாஃப் நர்ஸ். எல்லாம் கேக்கும்’ என்று சிவப்பு மையில் எழுதினாள். அன்றிலிருந்து தலைக்கு மேலே மாமியார் பேச்சு குறைந்துபோனது. எனக்கு அதிலும் கொஞ்சம் வருத்தம்தான். அந்தக் கதைகளின் முடிவு தெரியாமலே போயிற்று.

மதியம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரை பார்வையாளர் நேரம். என் கணவர் ஒருநாளும் தவறவில்லை. மகள் பதினைந்து நாள் லீவில் வந்து கூட இருந்தாள், அழுதாள், லீவு முடிந்து போனாள், திரும்ப வந்தாள். அவர் அழவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வயலைப் பற்றிச் சொல்வார். அவருக்குத் தெரிந்த பேச்சு அதுதான். “நட்டு இருபத்தஞ்சு நாளாச்சு. களை எடுக்க ஆள் வந்தாச்சு. கீழண்டை வயல்ல தூர் நல்லா கட்டியிருக்கு.” கார்த்திகை மழை ஐந்து நாள் விடாமல் பெய்தபோது வேட்டியெல்லாம் சேறாக வந்தார். “வடிகால்ல ஆகாயத்தாமரை அடைச்சிக்கிட்டு தண்ணி இறங்கல. பயிரு முழுகி, மூச்சு முட்டிக்கிட்டுக் கெடக்கு…” சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். மிஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கையை எடுத்து விரல் நகங்களை வெட்ட ஆரம்பித்தார்.

என் தலைமுடி சிக்குப் பிடித்து ஜடாமுடி மாதிரி ஆகிவிட்டது. கத்தரித்துவிடலாம் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நான்கு நாள், தினமும் அந்த ஒரு மணி நேரமும் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுச் சிக்கெடுத்தார். பின்னத் தெரியாது. வைக்கோல் பிரி திரிக்கத்தான் தெரியும். அப்படியே திரித்து நுனியில் ரப்பர் பேண்ட் போட்டார். சகாயமேரி பார்த்துவிட்டு, “என்ன சார், மாட்டுக்குக் கட்டப் போறீங்களா?” என்றாள். அவர் அன்றுதான் சிரித்தார்.

தொண்டைக்குழாயை நெடுநாள் வைக்க முடியாது. கழுத்தில் சின்னத் துளை போட்டு வேறு குழாயை அங்கே வைத்தார்கள். வாய் விடுதலையானது, குரல் இல்லை. ஏழாவது வாரம் முடிகிற சமயத்தில் தோள் அசைந்தது. பிறகு வலது முழங்கை மடங்கியது. விழுந்ததற்குத் தலைகீழாக, மேலிருந்து கீழே உயிர் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எல்லாரும் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். “வசந்தாக்கா கையத் தூக்குறாங்க!”

அந்தக் கையால் நான் செய்த முதல் காரியத்தை எழுதித்தான் ஆக வேண்டும். விரல்கள் இன்னும் வரவில்லை. மணிக்கட்டை மடக்கி, கழுத்துக் குழாயோடு சேர்ந்த காற்றுக் குழாயில் கொக்கி மாதிரி மாட்டி இழுத்தேன். கழன்றுவிட்டது. மிஷின் அலறியது. சகாயமேரி ஓடி வந்து திரும்ப மாட்டினாள். அவள் முகம் வெளுத்திருந்தது. எப்போதும் சொல்லிவிட்டுத் தொடுகிறவள் அன்று ஒன்றும் சொல்லவில்லை. பேண்டேஜ் துணியைக் கிழித்து என் மணிக்கட்டைக் கட்டிலின் கம்பியோடு கட்டினாள். நான் முடிச்சைப் பார்த்தேன். இழுத்தால் இறுகாத முடிச்சு, உள்ளே இரண்டு விரல் நுழைய இடம். முறைப்படிதான் கட்டியிருந்தாள். நான் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்த முடிச்சு. ஏழு வாரம் கழித்து எனக்குத் திரும்பக் கிடைத்த ஒரே கை. அதைக் கட்டிவிட்டார்கள். முடிச்சு முறையாக இருந்ததில் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. அன்று முழுதும் அதைப் பார்த்தபடி கிடந்தேன். நான் கட்டிய கைகள் எத்தனை இருக்கும் என்று எண்ணப் பார்த்தேன், முகங்கள்தான் வந்தன.

மறுநாள் காலையில் அவள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். டூட்டியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“என் மேல கோவமா?”

மேலே பார்த்தேன்.

“எனக்கும் உங்க மேல கோவம்தான். நேத்து வீட்டுக்குப் போயி சாப்பிடல.” கட்டை அவிழ்த்தாள். மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள். “கட்ட மாட்டேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். தெரியாம பட்டுச்சா, இல்ல வேணும்னு இழுத்தீங்களா?”

நான் அசையாமல் பார்த்தேன். புத்தி கலங்கிச் செய்தேனா, தெரிந்தே செய்தேனா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

“சரி, எழுத்துல சொல்லுங்க.” அட்டையை எடுத்தாள். ‘ப’வில் நிறுத்தினேன். ‘போ’ வரைக்கும் ஏறினாள்.

“போர்வையா? போன் பண்ணணுமா?”

கீழே பார்த்தேன். அடுத்து ‘து’. அவள் விரல் அட்டையிலேயே நின்றது. மூன்றாவது எழுத்தை அவள் கேட்கவில்லை. போதும். அவ்வளவுதான் நான் சொல்ல நினைத்தது.

அவள் எனக்கு தைரியம் சொல்லவில்லை. பிள்ளையை நினைச்சுப் பாருங்க, வீட்டுக்காரரை நினைச்சுப் பாருங்க என்று சொல்லவில்லை. நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்திருந்துவிட்டு, “சரிக்கா. குதிகால் வலிய எழுதினேன்ல, இதையும் அது மாதிரியே கேஸ் ஷீட்ல எழுதி டாக்டருக்குச் சொல்றேன். இதுக்கும் மருந்து இருக்கு, உங்களுக்கே தெரியும். இன்னைலேர்ந்து வலிக்குதான்னு கேக்குறப்ப இதையும் சேத்துக் கேப்பேன். நிஜத்தச் சொல்லணும்” என்றாள்.

அன்று சாயங்காலம் மனநல மருத்துவர் வந்தார். எனக்குத் தெரிந்தவர். அவருக்குப் பின்னால் கேஸ் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வருடக்கணக்காக ரவுண்ட்ஸ் போயிருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்தது, திருப்பிக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் சுற்றி வந்து, “சிஸ்டர், இது நீங்க வேலை பாக்குற வார்டு இல்ல. இங்க நீங்க தைரியமா இருக்கணும்னு அவசியம் கிடையாது” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளத் தெரியாத கை. அவரே துடைத்தார். எழுதிக்கொடுத்தது நான் ஆயிரக்கணக்கில் விநியோகித்த மாத்திரைதான். “சின்ன மாத்திரை, டக்குன்னு முழுங்கிடுங்க” என்பேன். அது வேலை செய்ய மூன்று வாரம் ஆகும் என்பதையும், மூன்று வாரம் எவ்வளவு நீளம் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

சகாயமேரி சொன்னபடி தினமும் கேட்டாள். “முதுகு வலிக்குதா? கால் எரியுதா? போதும்னு இருக்கா?” மூன்றையும் ஒரே குரலில் கேட்பாள். நான் பல நாள் மூன்றுக்கும் மேலே பார்த்தேன். ஒருநாள் கடைசிக் கேள்விக்குக் கண் எந்தப் பக்கமும் போகவில்லை. “தெரியலையா? சரி, அதையும் எழுதிக்கிறேன்” என்று போனாள்.

மார்கழிக் கடைசியில் வென்டிலேட்டரை ஒரு மணி, இரண்டு மணி என்று கழற்றி வைத்துப் பழக்கினார்கள். சொந்த மூச்சு பயமாக இருந்தது. மிஷினைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன். கழுத்துக் குழாயின் வாயில் ஒரு சின்ன மூடியைப் பொருத்தியபோது குரல் வந்தது. கரகரவென்று, யாரோ ஒரு கிழவரின் குரல். என் கணவர் எதிரே நின்றார். அவரிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். “பயிரு என்னாச்சு?” என்றுதான் வந்தது. “பாதி போச்சு. பாதி தேறிடுச்சு” என்றார். எனக்கும் அப்படித்தான் என்று இருவருமே நினைத்திருப்போம். 

மாசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அறுவடை நேரம். நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு, அதற்குக் காவல் இருக்க வேண்டியவர் என்னோடு இருந்தார். வீட்டுக்கு வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. பாதம் இன்னும் தொங்கியது. சோறு ஊட்ட ஒரு ஆள், துணி மாற்ற ஒரு ஆள், தண்ணீர் குடிக்க ஒரு ஆள். அன்பாகத்தான் செய்தார்கள். ஆனால் நான்கு மாதமாக என் உடம்பில் ஒரு இடம்கூட என் இஷ்டத்தில் இல்லை. குளியலறைக்குக்கூடக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவர் வெளியே முதுகைக் காட்டி நிற்பார். சிகிச்சைப் பிரிவில் கூரையைப் பார்த்துக் கிடந்ததைவிட, என் வீட்டில் என் கதவு திறந்தே கிடந்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சித்திரையில் ஒரு காலை. வாக்கரைப் பிடித்துத் தனியாக எட்டு அடி நடக்கப் பழகியிருந்தேன். அவர் கொல்லையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நான் குளியலறைக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளை உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தள்ளினேன். விழுந்துவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு நானே சாத்திய கதவு. கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல், யாரும் பார்க்காத இடத்தில் சும்மா நின்றேன்.

போன காரியம் முடிந்து, தாழ்ப்பாளைத் திறக்கப் போனேன். தள்ளுவதற்கு உள்ளங்கை போதும். இழுப்பதற்கு விரல் வேண்டும். விரல்கள் வழுக்கின. பத்துத் தடவை, இருபது தடவை. வேர்த்துக் கொட்டியது. கால் நடுங்க ஆரம்பித்தது.

“வசந்தா?” என்றார் வெளியே.

“உள்ள மாட்டிக்கிட்டேன்.”

கதவு குலுங்கியது. “நவுந்து நில்லு. கடப்பாரை எடுத்தாரேன். கதவ ஒடைச்சிடலாம்.”

“வேணாங்க.”

“விழுந்துட்டீன்னா?”

“ஒடைக்காதீங்க. நானே தொறக்குறேன்.”

“எப்படித் தொறப்ப?”

“தெரியல. நீங்க இருங்க.”

அவர் கொல்லைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவரும் சத்தம் கேட்டது. பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. “சரி. நீ ஏதாச்சும் பேசிக்கிட்டே இரு. சத்தம் கேட்டா போதும் எனக்கு” என்றார்.

மூடியிருந்த கமோடின் மேல் உட்கார்ந்து கால் நடுக்கம் அடங்கும் வரை பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால், திருக்கடையூரில் சாப்பிட்ட தயிர்சாதத்தில் ஆரம்பித்து, வார்டில் செல்வராணி சொன்னது, தண்ணீர் புகுந்த கனவு, அவரை வேறு ஆள் என்று நினைத்தது, கையால் குழாயை இழுத்தது, அட்டையில் சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். நேருக்கு நேர் சொல்ல முடியாமல் இருந்ததையெல்லாம் மூடிய கதவிடம் சொல்ல முடிந்தது. அவர் நடுவில் “ம்” என்றார். ஒரு இடத்தில் ‘ம்’ வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

பிறகு எழுந்தேன். கொடியில் கிடந்த துண்டை இழுத்து, தாழ்ப்பாள் குமிழைச் சுற்றிப் போட்டேன். இரண்டு நுனியையும் சேர்த்து மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினேன். விரல் பலம் வேண்டாம், உடம்பு பாரம் போதும் என்று தோன்றியது. வாக்கரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, இழுக்க வேண்டிய பக்கமாகச் சாய்ந்தேன். இரண்டு தடவை துண்டு நழுவியது. மூன்றாம் தடவை தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்ந்தது. அரை அங்குலம். இன்னும் சாய்ந்தேன். திறந்தது.

அவர் மடியில் கடப்பாரையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது. எழுந்து என்னைப் பிடிக்க வந்தவர், கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் அவரைத் தாண்டி, வாக்கரைத் தள்ளிக்கொண்டு நாற்காலி வரைக்கும் போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் காலையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிடப்போவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.  அவர் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். எண்ணெய்க் கிண்ணத்தோடு திரும்பி வந்து, தாழ்ப்பாளுக்கு நாலு சொட்டு விட்டு, முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு வயலுக்குக் கிளம்பினார்.